கைராசியா, கைப்பழக்கமா?

நமது ஜனங்களுக்கு வைத்திய விஷயத்தில் இருந்துவருகின்ற நம்பிக்கைகளுள் கைராசி என்பது ஒன்றாகும். "அந்த டாக்டர் கைராசிக்காரர், தொட்டால் போதும்" என்று சொல்லிக்கொண்டு, பக்கத்துத் தெரு வைத்தியரை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் அநேகர். மேலூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து மாட்டுத்தாவணியில் இறங்கி, பழைய மருந்துச் சீட்டுகளை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மதுரை கே.கே. நகர் ஆஸ்பத்திரி வாசல்களில் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் இது தெரியும்.

கையில் ராசி என்பதாக ஒன்றுமில்லை. ஆயிரம் வயிறுகளை அழுத்திப் பார்த்த கைக்கு, குடல்வால் வீங்கிய வயிறு எப்படி விறைத்துக்கொள்ளும் என்பது தெரிகிறது. பத்து வயிறுகளை மாத்திரம் பார்த்த கைக்கு அது தெரிவதில்லை. சங்கதி இவ்வளவே. இதை உணர்ந்தால், நமது பிள்ளைகள் இப்போது சேர்ந்துவருகிற ஒரு படிப்பைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்விகள் தாமாகவே விளங்கும்.

பிசிஷியன் அசிஸ்டெண்ட், அதாவது டாக்டருக்கு உதவியாளர் என்பது அந்தப் படிப்பு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவ சர்வகலாசாலையில் இதற்கு 3 வருஷப் படிப்பும் அதற்குமேல் 1 வருஷப் பயிற்சியும் வைத்திருக்கிறார்கள். நோயாளியை விசாரித்து வரலாறு எழுதுவது, உடம்பைச் சோதிப்பது, டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது கூடவே போய்க் கேஸ் ஷீட்டை முடிப்பது, ஆபரேஷனில் துணை நிற்பது ஆகியவை இவர்கள் வேலை. டாக்டருடைய பொறுப்பின் கீழ் செய்ய வேண்டியதே தவிர, தனியே வைத்தியம் நடத்துவதல்ல.

இது பிறந்த கதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1965-ல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பவர் இதை ஆரம்பித்தார். முதலில் சேர்ந்த நான்கு பேரும் கப்பற்படையில் வைத்திய வேலை பார்த்துத் திரும்பியவர்கள். அவர்களில் மூவர் 1967-ல் தேறினார்கள். அதாவது, காயத்தையும் இரத்தத்தையும் தொட்டுப் பழகிய கைகள் முன்பே இருந்தன. படிப்புத்தான் பின்னால் வந்தது. நம் நாட்டில் 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் இதைத் தொடங்கினார். இங்கோ பள்ளிக்கூடத்தில் 12-ம் வகுப்பை முடித்து நேரே வருகிற பிள்ளைகள் சேர்கிறார்கள். தவளையைத் தவிர வேறொன்றையும் அறுத்தறியாத கைகள். அநேக பள்ளிக்கூடங்களில் அந்தத் தவளையும் படத்தில்தான். ஆகவே, வார்டு வார்டாகச் சுற்றிப் பயிலுகிற போஸ்டிங் என்பது அமெரிக்கனைவிட நமது பிள்ளைக்கே அதிகம் வேண்டும் என்பது விளங்கவில்லையா? அப்படியிருக்க, அங்கே வார்டுப் பயிற்சிக்கு மாத்திரம் ஏறக்குறைய 2,000 மணி நேரம் செலவிடுகிறார்கள்.

சுற்றிப் பயில்வது ஏன் என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு வார்டும் ஒவ்வொரு உபாத்தியாயர். குழந்தைகள் வார்டில் நோயாளி பேசமாட்டான். தாய் சொல்வதையும் மூச்சின் வேகத்தையும் கொண்டே அறிய வேண்டும். பிரசவ வார்டில் காத்திருக்கவும், எந்த நிமிஷத்திற்குமேல் காத்திருக்கக் கூடாது என்பதையும் கற்க வேண்டும். அவசர வார்டில் ஒரே சமயத்தில் நாலு பேர் வந்தால், கத்துகிறவனைவிடச் சத்தமில்லாமல் கிடப்பவனை முதலில் பார்க்கவேண்டும் என்பது புரியும். பொது வைத்திய வார்டில் நீரிழிவுக்காரர் காலில் உள்ள புண்ணைத் தினமும் கழுவ வேண்டியிருக்கும். அந்தக் கால் எந்த ஜாதிக் கால் என்று கேட்கிறவனுக்கு அங்கே வேலையில்லை. பாட புத்தகம் எதுவும் இதை இவ்வளவு சீக்கிரத்தில் சொல்லிக்கொடுத்ததாக நாம் கேட்டதில்லை.

ஆனால், இருதயத்திற்கென்றே நடக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட இடங்கள் தம் மாணாக்கரை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். கே.கே. நகரிலிருந்து வெகு தூரமில்லை. பழைய எர்ஸ்கின் ஆஸ்பத்திரியான அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரியில் இல்லாத நோயில்லை. அங்கேயுள்ள கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் அந்தக் கூட்டத்திடமே கற்றுக்கொண்டார்கள் என்பதை நினைக்கட்டும்.

நிற்க, இதில் நடக்கக்கூடிய மோசத்தையும் சொல்லவேண்டும். எந்த வார்டில் ஆள் பற்றாக்குறையோ அந்த வார்டிலேயே மாணாக்கனை மாதக்கணக்கில் நிறுத்தி, டிஸ்சார்ஜ் காகிதம் எழுதவும் இரத்தப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வைத்துவிட்டு, கடைசியில் லாக் புக்கில் எல்லா வார்டும் சுற்றியதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் படிப்பா? பெற்றவன் பணமும் கட்டி, பிள்ளை வேலையும் செய்து, கூலி மாத்திரம் இல்லாத ஓர் ஏற்பாடு அது. பண்ணையில் நடந்தால் கொத்தடிமை என்போம். வெள்ளைக் கோட்டுப் போட்டுவிட்டால் பயிற்சி என்பதா? இதில் கெடுகிறவன் மாணாக்கன் மாத்திரமல்ல. கற்காத கையோடு நாளைக்கு அவன் தொடப்போவது நம்முடைய உடம்பைத்தான்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது என்பாரும் உண்டு. கே.கே. நகருக்கு அடுத்த அண்ணா நகருக்கு அவர்கள் போய்ப் பார்க்கட்டும். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு துவக்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் 2 வருஷம் பயின்று, பார்வை சோதிப்பதையும் ஆபரேஷனுக்கு உதவுவதையும் செய்துவருகிறார்கள். எந்தக் குலத்து மூளையும் அதற்குத் தேவைப்படவில்லை. பார்க்கிறவர் பார்க்க, திருத்துகிறவர் திருத்த, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததே போதுமானதாக இருந்தது.

ஆதலால், பிள்ளையைச் சேர்க்கப் போகும் தாய் தகப்பன்மார்கள் கட்டிடத்தின் உயரத்தையும் நல்ல நாளையும் பார்ப்பதை விட்டு, இவற்றைக் கேட்கவேண்டுமாய்ச் சொல்லுகிறோம். எந்தெந்த வார்டில் எத்தனை வாரம்? அங்கே சொல்லிக்கொடுக்கும் டாக்டர் யார்? லாக் புக்கில் கையெழுத்திடுபவர் வேலையைக் கண்ணால் பார்த்தவர்தானா? கடைசி வருஷத்தில் உதவித் தொகை உண்டா? போன வருஷம் முடித்த பிள்ளையிடம் நீங்களே விசாரிக்க முடியுமா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டவேண்டாம்.

வார்டில் படுத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைக் கோட்டைக் கண்டால் எல்லோரையும் "டாக்டரய்யா", "டாக்டரம்மா" என்று கும்பிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இங்கிலாந்திலேயே இந்தக் குழப்பம் பெரிதாகி, 2025-ல் வெளியான லெங் அறிக்கை, இவர்களை உதவியாளர் என்றே அழைக்க வேண்டும், டாக்டரல்ல என்பது உடையிலும் அடையாளத்திலும் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலினர் சட்டம் இத்தொழிலையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. சட்டம் வார்டு வாசலுக்கு வந்து சேருகிறவரை, ஊசியோடு வருகிறவரிடம், "தம்பி, நீங்கள் டாக்டரா, படிக்கிறவரா? உங்களுக்கு மேலே பார்க்கிறவர் யார்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒழுங்காகப் பயின்ற பிள்ளை அதற்குக் கோபிக்கமாட்டான்.