"மே" என்றால் என்ன? மூன்று எழுத்துச் சொல் கிளப்பிய புயல்!

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து உள்ள ஒரு சொல், பாராளுமன்றத்தில் பெரிய வாதத்தைக் கிளப்பியது. "மே" என்பதுதான் அந்தச் சொல்.

வெயில் கொளுத்தும் மே மாதத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. ஒலிதான் ஒன்று.

"சார், உள்ளே வரலாமா?" என்று பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிறான். ஆங்கிலத்தில் அதற்கு "மே" வேண்டும். "இன்று மழை வரலாம்" என்பதற்கும் "மே". "நீடூழி வாழ்க" என்று வாழ்த்துவதற்கும் அதே "மே"!

தமிழில் "லாம்" இருக்கிறதே, அதுவும் ஏறக்குறைய இப்படித்தான். "நீ வீட்டுக்குப் போகலாம்" என்றால் அனுமதி. "அவர் ஊருக்குப் போயிருக்கலாம்" என்றால் சந்தேகம்.

சட்டத்தில் "ஷல்" என்று வந்தால் அது கட்டளை. "வரி கட்டலாம்" என்பதற்கும், "வரி கட்ட வேண்டும்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

15 ஆண்டு கெடு

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. இந்தி ஆட்சி மொழி. 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்று அதில் கூறப்பட்டது. 1965-ல் கெடு முடியும். பிறகு?

இந்தி பேசாத மாநிலங்கள் கவலைப்பட்டன. அந்த மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959-ல் பிரதமர் நேரு வாக்குக் கொடுத்தார்.

1963-ல் அதற்காக ஒரு மசோதா வந்தது. கெடு முடிந்த பிறகும் இந்தியுடன் ஆங்கிலம் "தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்" என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அங்கேதான் "மே" வந்தது.

"ஷல்" எங்கே?

தி.மு.க. இதை ஏற்கவில்லை. அண்ணா அப்போது டெல்லி மேல்சபை உறுப்பினர். "மே" என்பதை எடுத்துவிட்டு "ஷல்" போட வேண்டும் என்று அவர் வாதாடினார்.

பயன்படுத்தலாம் என்றால், பயன்படுத்தாமலும் இருக்கலாம் அல்லவா?

இங்கே "மே" என்பதற்கு "ஷல்" என்றுதான் பொருள் என்றார் நேரு. அப்படியானால் "ஷல்" என்றே எழுதிவிடுவதில் என்ன கஷ்டம் என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் நேரு சொன்னதும் வெறும் சமாளிப்பு அல்ல. அதே 1963-ல் உத்தரப்பிரதேச அரசு ஊழியர் ஒருவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்தது. ஊழியர் கேட்டுக்கொண்டால் அவர் வழக்கை விசாரணை மன்றத்துக்கு கவர்னர் "அனுப்பலாம்" என்பது விதி. "மே" என்று இருந்தாலும் அனுப்பியே ஆகவேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அறிய கோர்ட்டு வரை போகவேண்டி இருந்தால், சாதாரண மக்கள் அதை எப்படி நம்புவார்கள்?

மசோதா "மே"யுடனே நிறைவேறியது. மே மாதம் 10-ந் தேதி சட்டம் ஆயிற்று!

1964-ல் நேரு மறைந்தார். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார். எழுத்துதான் மிஞ்சியது.

தமிழ்நாடு கொந்தளித்தது

1965 ஜனவரியில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சிலர் தீக்குளித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பல உயிர்கள் போயின. மத்திய மந்திரிகள் சி.சுப்பிரமணியமும் அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று பிரதமர் சாஸ்திரி ரேடியோவில் பேசினார்.

1967 டிசம்பரில், இந்திரா காந்தி ஆட்சியில், சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்றது திருத்தம். இங்கே "ஷல்" வந்துவிட்டது.

இன்னொரு பூட்டும் போட்டார்கள். ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமானால், அப்படிப்பட்ட மாநிலங்கள் அனைத்தின் சட்டசபைகளும் தீர்மானம் போட வேண்டும். பிறகு பாராளுமன்றத்தின் இரு சபைகளும் போட வேண்டும். ஒரே ஒரு சட்டசபை மறுத்தாலும் பூட்டுத் திறக்காது.

இந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அண்ணா எடுக்கச் சொன்ன அந்த "மே"? அதை யாரும் எடுக்கவில்லை. 3-வது பிரிவின் முதல் வாக்கியத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது!