பனிக்கால ஓட்டக்காரனை முன்வைத்து ஒரு மறுப்பு

அண்மையில் ஒரு நூல் விமர்சனக் கூட்டத்தில், முதல் நாவலை வெளியிட்டிருந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்த விமர்சகர், அது ஓர் அமெச்சூரின் எழுத்து என்று தீர்ப்பளித்தார். அதோடு நின்றிருந்தால் நாங்களும் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பியிருப்போம். அவர் ஓர் உவமையையும் சேர்த்தார். விடிகாலையில் உடம்பைக் குறைக்க ஓடப் போகிறவர்களைப் போன்றவர்களாம் இந்த அமெச்சூர் எழுத்தாளர்கள்; கொஞ்சம் குளிர் அடித்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்களாம்; மழையிலும் பனியிலும் களத்தில் நிற்பவன்தான் தொழில்முறைக் கலைஞனாம். அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் எங்களில் இருவரும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்த நாவலைப் பற்றிய அவரது மதிப்பீட்டில் எங்களுக்குப் பெரிய பிணக்கு இல்லை. சுமாரான நாவல்தான். ஆனால் அந்த உவமை தவறு. ரசனை சார்ந்த தவறு என்று விட்டுவிட முடியாது; தகவலிலேயே தவறு. மேலும், அமெச்சூர் என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்தும் பழக்கம் நம் சூழலில் வேரூன்றிவிட்டதால், அந்தச் சொல்லின் பூர்வீகத்தையும் சற்றுக் கிளறிப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறோம்.

முதலில் மழையையும் பனியையும் எடுத்துக்கொள்வோம்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தான் நடந்தது. நாட்காட்டிப்படி வசந்தம். ஆனால் அன்று உறைநிலைக்குச் சற்றே மேலான குளிர், இடைவிடாத மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. உலகின் தேர்ந்த தொழில்முறை ஓட்டக்காரர்கள் பலர் பாதி வழியில் விலகினார்கள். ஆண்களில் வென்றவர் யூகி கவாவுச்சி என்ற ஜப்பானியர். நேரம் 2 மணி 15 நிமிடம் 58 வினாடி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பாஸ்டன் வரலாற்றில் அதுவே மிக மெதுவான வெற்றி. அவருக்கு வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், முந்தைய ஆண்டு பாஸ்டனையும் உலகப் பட்டத்தையும் வென்றிருந்த கென்யாவின் ஜெஃப்ரி கிருய். கடைசிச் சில கிலோமீட்டர்களில் அவரைத் தாண்டிச் சென்ற கவாவுச்சிக்கு அப்போது தொழில் என்ன? சைதாமா மாநில அரசின் ஊழியர். ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை.

பெண்களில் இரண்டாவதாக வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் முழுநேர வேலை பார்த்த மயக்க மருந்துச் செவிலியர். எல்லோரையும் போல நுழைவுக் கட்டணம் கட்டி வந்து ஓடினார். அது அவர் ஓடிய இரண்டாவது மாரத்தான். அரிசோனாவில் பனி ஏது என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: குளிர்காலப் பயிற்சி என்பது பனியை மட்டும் குறிப்பதல்ல, இருட்டையும் குறிப்பது. பணிக்கு முன்போ பின்போ கிடைக்கும் நேரத்தில், பகல் சுருங்கிப்போன மாதங்களில் ஓடுகிறவருக்குச் சூரியன் வாரக்கடைசி விருந்தாளி மட்டுமே.

அன்று விலகியவர்களைக் கோழைகள் என்று நாங்கள் சொல்லவில்லை. உடலே அவர்களுக்கு முதலீடு. குளிரில் விறைத்துப்போன கால்களை இழுத்துக்கொண்டு பத்தாவதாக வருவதைவிட, அடுத்த பந்தயத்துக்காக உடலைக் காப்பாற்றிக்கொள்வது சரியான கணக்கு. எங்கள் விமர்சகர் கவனிக்கத் தவறியது இதைத்தான். பாதகமான வானிலையில் களத்தைவிட்டு விலகுவதற்கு நியாயமான காரணம் தொழில்முறையாளனுக்கே இருக்கிறது. அமெச்சூருக்கு அந்தக் கணக்கும் கிடையாது, அடுத்த ஒப்பந்தமும் கிடையாது.

கவாவுச்சியின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஜப்பானில் நெடுந்தூர ஓட்டம் குளிர்காலத்துக்கு உரியது. ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்பும் பல்கலைக்கழகத் தொடர் ஓட்டத்தை நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்க்கிறது. 1920இல் தொடங்கிய போட்டி அது. அதில் பெயர் எடுக்கும் மாணவர்களைப் பெரிய நிறுவனங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பெயருக்கு ஊழியர், உண்மையில் ஓட்டக்காரர். பயிற்சியாளர், விடுதி, மருத்துவர் என்று எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. கவாவுச்சி படித்த ககுஷூயின் பல்கலைக்கழகம் ஓட்டத்துக்குப் பேர்போனதல்ல. தகுதி பெறாத கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த கூட்டு அணியில் இடம்பெற்று 2007இலும் 2009இலும் ஹகோனேயில் மலையிறங்கும் பகுதியை ஓடினார். அதன் பிறகு அரசு வேலைக்குப் போனார்.

அவருடைய பணிநேரம் மதியம் தொடங்கி இரவு முடியும். ஆகவே ஓட்டம் காலையில், அதுவும் ஒரு முறைதான். நிறுவன அணிகள் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை பயிற்சி செய்துகொண்டிருந்தன. கூட ஓட ஆளில்லாதவன் தன்னை முழு வேகத்துக்கு எப்படி விரட்டுவது? அவர் கண்ட விடை எளிமையானது, பயிற்சி நூல்கள் எதுவும் பரிந்துரைக்காதது: பந்தயங்களையே பயிற்சியாக்கிக்கொள்வது. மற்றவர்கள் வருடத்துக்கு இரண்டு மாரத்தான் ஓடினால் இவர் பத்துப் பன்னிரண்டு ஓடினார். 2013 டிசம்பரில் ஃபுகுவோகாவில் ஒன்று, இரண்டே வாரங்களில் ஹோஃபுவில் இன்னொன்று. 2018ஆம் ஆண்டின் முதல் நாள் பாஸ்டனுக்கு அருகிலுள்ள மார்ஷ்ஃபீல்ட் என்ற சிற்றூரில், உறைநிலைக்குக் கீழே 17 பாகை அளவிலான குளிரில், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் பங்கேற்ற ஒரு மாரத்தானை 2 மணி 18 நிமிடம் 59 வினாடியில் முடித்தார். ஏப்ரல் பந்தயத்தின் பாதையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்த பயணம் அது. ஜனவரியின் அந்த ஆளற்ற சாலையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஏப்ரலின் வெற்றி அத்தனை அதிசயமாகத் தோன்றாது.

தோல்விகளும் நிறைய உண்டு. 2011 பிப்ரவரியில் டோக்கியோவில் மூன்றாவதாக, ஜப்பானியர்களில் முதலாவதாக வந்து புகழ்பெற்றவர், மறு ஆண்டு ஒலிம்பிக் தேர்வுக்கான அதே டோக்கியோ பந்தயத்தில் பதினான்காவதாக வந்தார். மன்னிப்புக் கேட்கும் விதமாகத் தலையை மழித்துக்கொண்டார். சம்பளம் கொடுத்து ஓடச் சொன்ன எஜமானர் எவரும் இல்லாத ஒருவர் யாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நாங்கள் பலமுறை யோசித்ததுண்டு.

இனி குளிரைப் பற்றி. குளிர் என்றாலே துன்பம் என்று நினைப்பது வெப்ப நாட்டவர்களாகிய நம் கற்பனை. ஓடும் உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை இறக்கி வைக்க இடம் வேண்டும். ஆகவேதான் 5 முதல் 10 பாகை வரையிலான குளிரில் மாரத்தான் நேரங்கள் சிறக்கின்றன. சித்திரை வெயிலில் அல்ல. குளிரோடு ஈரமும் காற்றும் சேரும்போதுதான் ஆபத்து. நனைந்த துணி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும், விரல்கள் மரத்துப்போகும், தசைகள் சொன்னபடி கேட்காது.

ஓட்டக்காரனுக்குக் குளிர்காலத்தின் முக்கியத்துவம் வேறிடத்தில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் அதைக் கண்டுகொண்டவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், விடிவதற்கு முன் வீடு வீடாகப் பால் போட்டவர். தன் உடலையே சோதனைச்சாலையாக்கி, வாரத்துக்கு நூறு மைல் ஓடி அவர் எட்டிய முடிவு இது: கோடைப் பந்தயத்துக்கான அடித்தளம் அதற்கு முந்தைய மாதங்களில், வேகமில்லாத நெடுந்தூர ஓட்டங்களில் போடப்படுகிறது. ஆக்லாந்தின் வைட்டாகெரே மலைச்சரிவில் 22 மைல் சுற்று ஒன்று. ஞாயிறுதோறும் அதில் ஓட வேண்டும், 800 மீட்டர் ஓடுகிறவனும் கூட. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். மூவரும் ஒரே வட்டாரத்துப் பையன்கள், மூவரும் அமெச்சூர்கள். பனிக்காலத்தில் வீட்டில் படுத்துக்கொள்கிறவர்களாம்!

இங்கே நிறுத்தினால் எங்களை அமெச்சூரியத்தின் பஜனைக் கோஷ்டி என்று முத்திரை குத்திவிடுவார்கள். அது எங்கள் தரப்பல்ல. அமெச்சூர் என்றால் நேசிப்பவன் என்று பிரெஞ்சு மூலத்தைச் சொல்லி உருகுகிறவர்கள், அந்தச் சொல் இங்கிலாந்துக்குப் போய் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1866இல் லண்டனில் அமைந்த அமெச்சூர் தடகள மன்றத்தின் வரையறைப்படி, பணத்துக்காக ஓடியவன் அமெச்சூர் அல்ல. அதோடு கைத்தொழில் செய்பவனும் கூலித்தொழிலாளியும் கூட அமெச்சூர் அல்ல. கனவான்களுக்குச் செருப்புத் தைப்பவனோடு தோளுரசி ஓட விருப்பமில்லை, அவனிடம் தோற்க அதைவிட விருப்பமில்லை. 1880இல் புதிய சங்கம் வந்தபோது தொழிலாளியைத் தள்ளிவைத்த விதி போனது. பணத்தைத் தீட்டாகக் கருதும் விதி மட்டும் நூறாண்டுகளுக்கு நின்றது.

அந்தத் தீட்டு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஜான் டாரண்ட் சாட்சி. பதின்பருவத்தில் சிற்றூர்க் குத்துச்சண்டை மேடைகளில் மொத்தம் 17 பவுன் வாங்கியிருந்தார். பின்னர் ஓட்டத்தில் சேர விண்ணப்பித்தபோது அதை மறைக்காமல் சொன்னார். ஆயுள் தடை விதித்தார்கள். 1956இல் லிவர்பூல் மாரத்தானில், மேற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மார்பில் எண் இல்லாமல் ஓட்டத்துக்குள் புகுந்தார். அதிகாரிகள் துரத்தினார்கள், மக்கள் ஆரவாரம் செய்தார்கள், பத்திரிகைகள் ஆவி ஓட்டக்காரன் என்று பெயர் சூட்டின. 1958இல் உள்நாட்டுத் தடை நீங்கியது. ஆனால் நாட்டின் சார்பாக ஓட கடைசிவரை அனுமதி இல்லை. 40 மைலிலும் 100 மைலிலும் உலகச் சாதனை படைத்த அந்த உழைப்பாளி 1975இல், 42 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவரைவிட அமெச்சூர் யார்? அவரைத்தான் அமெச்சூர் அல்ல என்றார்கள்.

ஆக, அன்று அந்தச் சொல்லைத் தூய்மையின் பெயரால் வாசற்கதவாக்கினார்கள். இன்று எங்கள் விமர்சகர் அதே கதவை மறுபக்கமிருந்து சாத்துகிறார். அன்று காசு வாங்கியவன் வெளியே. இன்று காசு வாங்காதவன் வெளியே. இரண்டு தரப்பும் பார்க்க மறுப்பது வேலை முடிந்து மிஞ்சிய நேரத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதை.

இலக்கியவாதிகளாகிய நாம் ஓட்டத்தைப் படித்த விதத்திலும் இந்தக் குருட்டுத்தனம் இருக்கிறது. ஆலன் சில்லிட்டோவின் 1959ஆம் ஆண்டுச் சிறுகதையை, சீர்திருத்தப் பள்ளிச் சிறுவன் ஜெயிக்க வேண்டிய பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்கும் கதையை, நம்மில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறோம்! எல்லோரும் பேசுவது அந்த இறுதி மறுப்பை. அதிகாரத்துக்கு எதிரான சைகை என்று கட்டுரை எழுதலாம், வசதியாக இருக்கும். உறைபனி படிந்த வயல்களில் விடியுமுன் தனியாக ஓடும் காலைகளும் அக்கதையில் உண்டு. அந்தப் பக்கங்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஹருகி முரகாமி தன் ஓட்டத்தைப் பற்றி 2007இல் ஒரு நூலே எழுதினார். அதிலும் நாம் தேடிப் பிடித்தது எழுத்துக்கான உருவகங்களைத்தான். கால் வலியைக் கால் வலியாகப் படிக்க நமக்குத் தெரியவில்லை.

விமர்சகரின் அளவுகோலைத் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தால் இன்னும் விநோதம். வண்ணதாசன் வங்கி ஊழியராக இருந்தபடி எழுதினார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் ஊழியராக இருந்தார். சிற்றிதழ்கள் சன்மானம் தந்ததாக எவரும் குற்றம் சாட்ட முடியாது. எழுத்தால் மட்டுமே பிழைத்தவர்களே தொழில்முறைக் கலைஞர்கள் என்றால், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலிருந்துதான் நம் இலக்கிய வரலாற்றைத் தொடங்க வேண்டியிருக்கும். அவர் தயார்தானா?

கவாவுச்சியே 2019 ஏப்ரலில் அரசு வேலையை விட்டுத் தொழில்முறை ஓட்டக்காரராகிவிட்டாரே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆம், ஆகிவிட்டார். 2021 பிப்ரவரியில் பிவா ஏரிக்கரையில் 2 மணி 7 நிமிடம் 27 வினாடி என்ற தன் மிகச் சிறந்த நேரத்தையும் அதன் பிறகே ஓடினார். நேரம் கிடைத்தால் உடல் மேம்படும். இதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் வேலையை விட்ட மறுநாள் அவர் புதிய மனிதர் ஆகிவிடவில்லை. 2023 அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக் தேர்வு ஓட்டம், மறுபடி குளிர்ந்த மழை. தொடக்கத்திலேயே கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தனியாக முன்னால் ஓடினார். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரை ஒட்டிப் பிடிபட்டு, நான்காவதாக முடித்தார். அப்போது அவருக்கு வயது 36.

எங்கள் விமர்சகர் நண்பர் இதற்கு மறுப்பு எழுதுவார் என்று எதிர்பார்க்கிறோம். எழுதும்போது தொழில்முறை என்பதற்கு அவர் கொள்ளும் வரையறையை முதல் வரியிலேயே தந்துவிட்டால் உதவியாக இருக்கும். உவமை வேண்டாம்.