பாலும் ஆப்பிளும் யாருக்குப் போயின?

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யைப் படித்துவிட்டு, "எல்லாப் புரட்சியும் கடைசியில் இப்படித்தான் முடியும்" என்று சொல்பவர்கள் நிறைய. சமத்துவம் பேசுகிறவர்களின் வாயை அடைக்க ஆதிக்கச் சாதியினருக்கு இதைவிட வசதியான பாடம் கிடையாது.

1945இல் வெளிவந்த அந்த உருவகக் கதையை மறுபடி படியுங்கள். பண்ணை விடுதலையான முதல் நாள் மாலையே, கறந்த பால் காணாமல் போகிறது. பிறகு ஆப்பிளும் பன்றிகளுக்கே என்றாகிறது. கேட்டால், "நாங்கள் மூளையால் உழைப்பவர்கள்" என்கின்றன. நமக்கு இது புதிய வாதமா? மூளைக்கு ஒரு கூட்டம், முதுகுக்கு ஒரு கூட்டம் என்று பிறப்பிலேயே பிரித்து வைத்ததற்கு இங்கே சாதி என்று பெயர்.

ஆர்வெல்லுக்கு 9 ஆண்டுகள் முன்பே, 1936இல், 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் சோசலிஸ்டுகளிடம் இதைக் கேட்டுவிட்டார்: புரட்சி முடிந்த பிறகு தன்னைச் சமமாக நடத்துவார்கள் என்ற உறுதி இல்லாமல் ஒருவர் அதில் ஏன் சேர வேண்டும்?

தமிழில் இதே வலியை எழுதியவர் கோவிந்தன். புளொட் இயக்கத்திலிருந்து வெளியேறி, அதன் முகாம்களில் தோழர்களே தோழர்களைச் சித்திரவதை செய்ததை 1985இல் 'புதியதோர் உலகம்' நாவலாக்கினார். விலங்கு வேடம் அதற்குத் தேவைப்படவில்லை. விடுதலையின் மேல் நம்பிக்கை உள்ளவர் கேட்ட கணக்கு அது. அப்படிக் கேட்பவரைத் துரோகி என்று சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் இயக்கம் அழுகத் தொடங்குகிறது.

ஆர்வெல்லின் கதையில் பெஞ்சமின் என்றொரு கழுதை. பன்றிகளுக்கு நிகராக அதற்கு வாசிக்கத் தெரியும். சுவரில் சட்டங்கள் மாற்றப்பட்டபோது பேசாமல் இருந்தது. நண்பன் பாக்ஸரை அடிமாட்டு வண்டியில் ஏற்றிய பிறகுதான் வாய் திறந்தது. ஆய்வு மாணவனாக எனக்கு அதிகம் உறைப்பது இந்தக் கழுதைதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே, சுவரில் எழுதியிருப்பதை வாசிக்க நமக்குத் தெரியும். வாசித்ததைச் சத்தமாகச் சொல்கிறோமா?

அடுத்த கூட்டத்தில் கவனியுங்கள். ஒலிவாங்கி யாரிடம் இருக்கிறது, நாற்காலியை யார் அடுக்குகிறார்கள், வரவு செலவை யார் பார்க்கிறார்கள், பெண் தோழரின் கேள்வி தீர்மானக் குறிப்பில் ஏறுகிறதா? கேட்க வேண்டிய நாள் முதல் நாள்தான்.