ஓசூருக்குக் குடிபெயரலாமா?

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. வாடகை ஏறிவிட்டது, வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார், 2024ஆம் ஆண்டுக் கோடையில் போர்வெல் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நினைவும் மாறவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அதே குளிர்ந்த காற்றோடு ஓர் ஊர் இருக்கிறது. அது தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அங்கே போய்விட்டால் என்ன என்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் பலர் கணக்குப் போடுகிறார்கள்.

போகலாம், தவறில்லை. ஆனால் பெரும்பாலோர் போடும் கணக்கு பாதிக் கணக்குதான். வாடகையையும் மனை விலையையும் மட்டும் பார்த்துவிட்டு மூட்டை கட்டுகிறார்கள். வேலை, பிள்ளைகளின் படிப்பு, அரசு ஆவணங்கள் ஆகிய மூன்றும் எந்த ஊரில் நிற்கின்றன என்று பார்ப்பதில்லை. இவை மூன்றும் கூடவே வந்தால் குடிபெயர்வது லாபம். இவை பெங்களூரிலேயே நின்று, ஆள் மட்டும் ஓசூருக்குப் போனால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற கதைதான்.

வளர்ந்து வரும் ஊர்

முதலில் ஓசூரின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இது வெறும் புறநகர் அல்ல. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு சொந்தக் காலில் நின்று வளர்ந்த ஊர். 1980களில் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலையும், டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும், டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் தோன்றின. அண்மை ஆண்டுகளில் அருகே அமைந்த டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெண்களே பெருமளவில் வேலை பார்க்கிறார்கள். ரோஜாவும் காய்கறியும் விளையும் பூமி. 2019ஆம் ஆண்டில் நகராட்சி, மாநகராட்சியாக உயர்ந்தது.

லேத் ஓட்டத் தெரிந்தவருக்கும், வெல்டருக்கும், தரப் பரிசோதகருக்கும், ஐ.டி.ஐ. முடித்த இளைஞருக்கும் இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகளை நம்பித்தான் நம் தந்தையரும் பாட்டனாரும் பெங்களூர் வந்தார்கள். அந்த வகை வேலை இன்று ஓசூரில் வளர்கிறது. அத்தகைய கைத்தொழில் உள்ளவர் அங்கே ஒரு வேலையை உறுதி செய்துகொண்டு போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அவருக்குச் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் கூடும்.

சிக்கல் மற்றவர்களுக்குத்தான்.

நேரத்தின் விலை

வேலையைப் பெங்களூரில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் ஓசூருக்கு மாற்றுகிறவரின் நாளைப் பாருங்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ வேலை என்றால் சமாளிக்கலாம். மெஜஸ்டிக், ராஜாஜி நகர், பீன்யா என்றால் போய்வர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்பது குறைத்து மதிப்பிட்ட கணக்கு. மாதம் 25 நாள் வேலை என்று கொண்டால் 75 மணி. ஆண்டுக்கு 900 மணி. எட்டு மணி நேர வேலை நாளாக வகுத்துப் பார்த்தால் 112 நாள்! ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாத உழைப்பைச் சம்பளமில்லாமல் சாலைக்குக் கொடுக்கிறோம். வாடகையில் மிச்சமாகும் சில ஆயிரத்துக்கு இது ஈடாகுமா என்று அவரவர் எண்ணிப் பார்க்க வேண்டும். சுங்கக் கட்டணமும் பெட்ரோல் செலவும் வேறு.

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் திறந்தது பெரிய உதவிதான். ஆனால் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தத் தூரத்தில்தான் அத்திப்பள்ளி எல்லை வருகிறது.

அந்த எல்லை சாதாரண நாளில் கண்ணுக்குத் தெரியாது. அசாதாரண நாளில்தான் தெரியும். காவிரிப் பிரச்சினையை ஒட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் நடந்தவை நமக்குப் புதிதல்ல. இவ்வளவு கடுமையாக இல்லாத பந்த் நாட்களிலும் முதலில் நிற்பது மாநிலம் தாண்டும் பஸ்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடும் இந்தப் பக்கம் வேலையும் உள்ளவர் அன்றைக்கு என்ன செய்வார்?

வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர் மட்டும் அல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் பெண்ணும், பூ கட்டி விற்கும் பெண்ணும், வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்திருக்கும் பெண்ணும் பல ஆண்டுகள் பழகிச் சேர்த்த வாடிக்கை அந்தத் தெருவோடு ஒட்டியது. அதை மூட்டையில் கட்டி எடுத்துப் போக முடியாது. வாடகை குறைகிறது என்று கணவர் கூட்டும்போது, மனைவியின் வருமானம் நிற்பதைக் கழிக்கிறாரா?

பிள்ளைகள் படும் பாடு

இதைவிடப் பெரிய விஷயம் பிள்ளைகளின் படிப்பு. கர்நாடகத்தில் தொழிற்கல்வி இடம் பெற, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி. வரையில் ஏழு ஆண்டுகளாவது இங்கே படித்து, எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யு.சி. தேர்வையும் இங்கே எழுதித் தேறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவருக்கு எஞ்சினீயரிங் சேர்க்கையில் பூர்வீகச் சான்றிதழ் தேவையில்லை. மற்றவர்கள் அதைக் காட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பெயர்த்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? இங்கே எட்டு ஆண்டுகள் படித்தும் இங்குள்ள தேர்வை எழுதாததால் கர்நாடக இடம் போகிறது. அங்கே எட்டாம் வகுப்பு படிக்காததால் தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. தகப்பனாரின் சொந்த ஊர் தமிழ்நாட்டில் இருந்து அதற்கு ஆதாரமும் இருந்தால் சரி. மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே இருந்தவர் எந்த ஊரைக் காட்டுவார்?

மொழியும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின் வழியே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எத்தனை பேருக்குப் பிழையின்றி ஒரு பக்கம் எழுத வரும்? கன்னடத்தில் நல்ல மார்க் வாங்கிய பெண், தாய்மொழியில் தவறுகிற அவலம் நேரக் கூடாது.

ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் ஆறாம் வகுப்புக்கு முன்பே போவது நல்லது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பிறகு மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய வாய்ப்பல்ல. ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டதா? பி.யு.சி. முடியும் வரை பொறுப்பதே மேல்.

ஜாதிச் சான்றிதழ்

தரகர்கள் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்ற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி என்றும், ஒரு மாநிலத்திலிருந்து பெயர்ந்தவர் வந்த மாநிலத்தில் அந்த இட ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. 1950இல் குடும்பம் நிலையாக எங்கே இருந்தது என்பதே அளவுகோல்.

இதன் பொருள் என்ன? 1950க்குப் பிறகு வேலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிழைக்க வந்த தாழ்த்தப்பட்ட குடும்பத்துக்குக் கர்நாடகத்தில் கிடைக்காத உரிமை, ஓசூர் போனால் கிடைக்கக்கூடும். அவர்களுக்குக் குடிபெயர்வதில் உண்மையான லாபம் உண்டு. ஆனால் தண்டுப்பகுதியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்துவரும் குடும்பம் கர்நாடகத்துக் குடும்பம். எல்லையைத் தாண்டினால், கையிலிருக்கும் மாநில ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரே முடிவு ஒருவருக்கு லாபமாகவும் மற்றவருக்கு நஷ்டமாகவும் முடியும். மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் பெட்டியிலிருக்கும் பழைய சான்றிதழை எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ரேஷன் அட்டை, மகளிர் உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாமே மாநிலத்தோடு கட்டுண்டவை. வண்டியும் அப்படித்தான், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஓட்டு அல்சூரிலும் உடம்பு ஓசூரிலுமாக இருப்பவர், குழாயில் தண்ணீர் வராதபோது எந்த ஊர்க் கவுன்சிலரைக் கேட்பார்?

தண்ணீரும் அறிவிப்புகளும்

தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பயந்து ஓசூர் போகிறவர்கள் கெலவரப்பள்ளி அணையை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் கிழக்கு ஓரமாக வரும் தென்பெண்ணை, வழியில் நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு அங்கே நுரை தள்ளி நிற்கிறது. விட்டுப் போக நினைக்கும் ஊரின் சாக்கடை நமக்கு முன்பே அங்கே போய்க் காத்திருக்கிறது! 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஓசூருக்குக் கைகொடுக்கிறது என்றாலும், ஊர் பெருகும் வேகத்தில் பெருகுவது குழாய்த் தண்ணீர் அல்ல, போர்வெல்தான். இந்தப் பாடத்தைப் பெங்களூரிலேயே படித்துவிட்டோம். 1971இல் பதினாறரை லட்சம் பேர் இருந்த தோட்ட நகரத்தில் 2011இல் 84 லட்சம் பேர். ஏரிகள் லே-அவுட் ஆன கதை நம் கண்ணெதிரே நடந்தது.

விமான நிலையம் வரப் போகிறது, மெட்ரோ வரப் போகிறது, இன்றே மனை வாங்குங்கள் என்று பாகலூர் ரோட்டிலும் தளி ரோட்டிலும் ராயக்கோட்டை ரோட்டிலும் கூவுகிறார்கள். 2024 ஜூனில் ஓசூர் விமான நிலையம் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது உண்மை. பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை போட்டி நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் இருப்பதும் உண்மை. அறிவிப்பை நம்பி அடுக்களையை மாற்றக் கூடாது. பெங்களூரில் ஏ கத்தா, பி கத்தா என்று பட்டது போதாதா? அங்கே பட்டா, வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. அனுமதி மூன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது புத்திசாலித்தனமல்ல.

வயதானவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிம்ஹான்ஸ், கித்வாய், செயின்ட் ஜான்ஸ் ஆகிய பெரிய ஆஸ்பத்திரிகள் ஓசூர் ரோட்டுப் பக்கமே இருக்கின்றன. பொம்மசந்திராவிலும் பெரிய இருதய ஆஸ்பத்திரி உண்டு. ஆகவே மருத்துவம் அவ்வளவு கவலையில்லை. மாலையில் கோயில் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த சிநேகிதர்களையும், அல்சூர்த் தமிழ்ச் சங்கத்துப் புத்தகங்களையும் விட்டுப் பிரிவதுதான் அவர்களுக்கு நோய். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சொந்த மண் என்ற உணர்ச்சி

"எப்படியானாலும் நம் மாநிலம் அல்லவா?" என்று கேட்பவர் உண்டு. உணர்ச்சி மதிக்கத்தக்கதுதான். ஆனால் ஓசூர் தமிழ் மட்டும் பேசும் ஊர் அல்ல. தெலுங்கும் கன்னடமும் அங்கே பல தலைமுறையாகப் பழகிய மொழிகள். மூன்று மொழியும் அறிந்த பெங்களூர்த் தமிழனுக்கு அது ஒரு சௌகரியம். அங்கே போய், பெங்களூரில் நாம் யாரிடம் எதைப் பட்டோமோ அதை அந்த மக்களுக்குத் திருப்பிச் செய்யாமலிருந்தால் போதும்.

முடிவாகச் சொல்வது இதுதான். முதலில் வேலை, அடுத்து பள்ளிக்கூடம், அதற்கடுத்து ஆவணம், கடைசியில் வீடு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். முதல் ஆண்டு வாடகை வீட்டில் இருந்து ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பாருங்கள். பிறகு மனை வாங்குங்கள். வாங்கியபின் ஓட்டை மாற்றிக்கொண்டு, ஏரிக்கும் சாக்கடைக்கும் குரல் கொடுக்கும் குடிமகனாகவே அங்கே இருங்கள். இரவில் வந்து படுத்துவிட்டுக் காலையில் ஓடுகிறவர்களால் நிரம்பினால், இன்னும் இருபது ஆண்டில் ஓசூரும் நாம் விட்டு வந்த பெங்களூராகவே ஆகிவிடும். அப்புறம் நம் பிள்ளைகள் மூட்டை கட்ட எந்த ஊர் மிச்சமிருக்கும்?