‘இ’ சரி என்றால் ‘ஆ’ ஏன் தவறு?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான ‘கியூட்’ தேர்வு முடிந்த சில வாரங்களில் தேசியத் தேர்வு முகமை உத்தேச விடைக்குறிப்பை வெளியிடுகிறது. கேள்வியின் அடையாள எண், சரியான விடையின் அடையாள எண் ஆகிய இரண்டு மட்டுமே அதில் இருக்கும். முகமை சொல்லும் விடை தவறு என்று கருதும் மாணவர், கேள்விக்கு 200 ரூபாய் கட்டி, ஆதார ஆவணத்தையும் இணைத்து ஆட்சேபம் தெரிவிக்கலாம். கட்டிய பணம் திரும்பாது. ஆட்சேபம் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பதும் அவருக்குத் தனியாகத் தெரிவிக்கப்படாது. இயற்பியலுக்கும் கணக்குக்கும் இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். பாடநூலின் பக்கத்தையோ, போட்டுப் பார்த்த கணக்கையோ ஆதாரமாக வைக்கலாம். ஆனால் மொழித்தாளில் உரைப்பத்தியைக் கொடுத்து ‘ஆசிரியர் சொல்ல வருவது என்ன’ என்று கேட்கும் கேள்விக்கு எந்த ஆவணத்தை இணைப்பது? அங்கே இருக்கும் ஒரே ஆவணம் அந்தப் பத்திதான். அதைக் கொடுத்ததே முகமை. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ஆகவே உரைப்பத்திக் கேள்விகளுக்கு விடையை மட்டும் அறிவிப்பது போதாது. அந்த விடைக்கான காரணத்தையும், அதற்கு அடுத்து நெருங்கி வரும் விடை ஏன் தவறு என்பதையும் தேர்வு நடத்துபவர் சேர்த்தே வெளியிட வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கியூட் தேர்வில் சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். ஒரு கேள்வியின் விடை மாறினால் ஒரு மாணவரின் கணக்கில் 6 மதிப்பெண் ஏறும் அல்லது இறங்கும். நல்ல கல்லூரிகளில் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதைவிடக் குறைந்த இடைவெளியில் முடிவாகிவிடுகிறது. ஆட்சேபக் கட்டணத்தின் கனமும் எல்லா வீடுகளுக்கும் ஒன்றல்ல. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் வாழ்வதாகச் சொல்கிறது. ஆரணியைப் போன்ற பட்டு நெசவு ஊரில் இருந்து திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ புதுவைக்கோ டெல்லிக்கோ விண்ணப்பிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி, ஐந்து கேள்விகளில் தன் வாசிப்பே சரி என்று நம்பினால், அதைச் சொல்வதற்கு மட்டும் 1,000 ரூபாய் வேண்டும். அத்தகைய குடும்பத்தின் மாத வருமானத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பெருநகரப் பயிற்சி மையத்தில் லட்சக்கணக்கில் கட்டிப் படித்தவருக்கு அதே தொகை ஒரு பொருட்டல்ல.

உரைப்பத்திக் கேள்வியில் சிக்கல் எங்கே பிறக்கிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் பார்க்கலாம். பத்தி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘ஆரணியில் ஒரு பட்டுச்சேலையை நெய்து முடிக்கப் பல நாட்கள் ஆகின்றன. சேலையின் விலை ஆண்டுக்காண்டு ஏறுகிறது. ஆனாலும் நெசவாளர்களின் பிள்ளைகள் தறியில் உட்கார முன்வருவதில்லை. பலரும் கல்லூரிக்குப் போய் வேறு வேலை தேடுகிறார்கள்.’ பிள்ளைகள் தறிக்கு வராததற்கு இப்பத்தியிலிருந்து பெறத்தக்க காரணம் எது என்பது கேள்வி. (அ) பட்டுச்சேலைக்குத் தேவை குறைந்துவிட்டது. (ஆ) விலையேற்றத்தின் பலன் நெய்பவருக்குப் போதுமான அளவு சேரவில்லை. (இ) படிப்பு வேறு வாய்ப்புகளைத் திறந்திருக்கிறது. (ஈ) நெசவு கற்றுத்தர ஆள் இல்லை. முதலாவதும் கடைசியும் உடனே விழுந்துவிடும். ‘இ’யைத் தேர்ந்தவர் கடைசி வரியைச் சுட்டுவார். ‘ஆ’வைத் தேர்ந்தவர், நெய்ய ஆகும் நாட்களையும் ஏறும் விலையையும் சொல்லிவிட்டு, அப்படியிருந்தும் வரவில்லை என்று பத்தி திரும்புவதைச் சுட்டுவார். இருவரும் பத்திக்குள்தான் நிற்கிறார்கள். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி தர, நெய்பவருக்குக் கூலி மட்டும் கிடைக்கும் வீட்டில் வளர்ந்த மாணவி ‘ஆ’வை நோக்கிப் போவாள். சேலையின் விலை வேறு, நெய்பவரின் கூலி வேறு என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெசவை வெளியே இருந்து பார்த்த கேள்வியாசிரியர் ‘இ’யோடு நின்றுவிடுவார். விடைக்குறிப்பு ‘இ’ என்றால் அவள் தவறாகப் படித்ததாகப் பதிவாகும். நடந்ததோ, இரண்டு நியாயமான வாசிப்புகளில் ஒன்றுக்கு மட்டும் முத்திரை விழுந்தது.

ஏற்கெனவே தெரிந்ததை வைத்துத்தான் மனிதர்கள் எதையும் படித்துப் புரிந்துகொள்கிறார்கள் என்பது ஆய்வில் தெளிவான செய்தி. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தி ஒன்றைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்புத் திறன் குறைவென்று மதிப்பிடப்பட்டிருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாத மாணவர்களைவிட அந்தப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ‘பத்தியில் உள்ளதை மட்டும் வைத்து விடையளி’ என்ற கட்டளையால் இந்த இயல்பை அழித்துவிட முடியாது. கேள்வியாசிரியருக்கும் இது பொருந்தும். டெக்சாஸ் மாநிலத் தேர்வில் தன் கவிதைகளைப் பற்றிக் கேட்ட சில கேள்விகளுக்குத் தன்னாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று 2017இல் அமெரிக்கக் கவிஞர் சாரா ஹோல்புரூக் எழுதினார். எழுதியவரின் நோக்கம் என்ன என்று கேட்கும் கேள்வி, பல நேரம் கேள்வியாசிரியரின் ஊகம் என்ன என்பதையே கேட்கிறது. அதற்காக எல்லா வாசிப்பும் சமம் என்றாகிவிடாது. தேர்வு முடிந்த மாலையில் மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் வாதங்களில் பெரும்பகுதி, பத்தியில் இல்லாததைத் தாங்களே சேர்த்துப் படித்ததால் வருவதுதான். தவறாகப் படித்தவரையும் நியாயமாக வேறு மாதிரி படித்தவரையும் பிரித்தறியக் காரணம் தேவை. காரணம் இல்லாத விடைக்குறிப்பில் இருவரும் ஒரே கூடையில் விழுகிறார்கள்.

நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் கதவு உரைப்பத்திக் கேள்விகளுக்கு ஏறத்தாழ மூடியே இருக்கிறது. உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வு தொடர்பான கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலே இன்றும் அடிப்படை. விடைக்குறிப்பு தவறு என்பது வெளிப்படையாக நிரூபிக்கப்படும் வரை அதைச் சரியென்றே கொள்ள வேண்டும். ஊகித்தும் தர்க்கித்தும் அதைத் தவறென்று நிறுவ முயலக் கூடாது. அந்த வழக்கில் மாணவர்கள் வென்றதற்குக் காரணம், அவர்கள் பக்கம் அங்கீகரிக்கப்பட்ட பாடநூல்கள் இருந்ததே. ரண்விஜய் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், சந்தேகம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே சேரும் என்றது. அறிவியல் கேள்விக்கு இந்த அளவுகோலில் ஒரு நியாயம் உண்டு. உரைப்பத்திக்கோ தர்க்கித்து நிறுவுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. மாணவர் கையில் இருக்கும் ஒரே கருவியைப் பறித்துவிட்டு நிரூபி என்கிறோம். அதே 1983 தீர்ப்பு, இருபொருள் தரும் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்றும், விடைக்குறிப்பை மறுபார்வை செய்ய ஏற்பாடு வேண்டும் என்றும், ஐயத்துக்குரிய கேள்வியை நீக்க வேண்டும் என்றும் சொன்னது. தேர்வு அமைப்புகளின் வழக்கறிஞர்கள் முதல் பாதியைத்தான் அதிகம் சுட்டுகிறார்கள்.

சட்டப் படிப்புக்கான ‘கிளாட்’ தேர்வு 2020 முதல் பெரும்பாலும் பத்திகளைப் படித்து விடையளிப்பதாகவே அமைந்திருக்கிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடந்த தேர்வின் விடைக்குறிப்பு மீது நாட்டின் பல உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் போடப்பட்டன. டிசம்பர் 20இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இரண்டு விடைகள் தவறு என்றார். 2025 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு மேலும் திருத்தங்களுக்கு உத்தரவிட்டது. மே 7இல் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றியமைத்ததோடு, கேள்விகள் அலட்சியமாகத் தயாரிக்கப்படுவதாக வேதனையையும் பதிவு செய்தது. தேர்வு எழுதிய ஐந்து மாதங்களுக்குப் பிறகும் தரவரிசை நிலைகொள்ளவில்லை. மொழி தொடர்பான முறையீடு எப்படி முடியும் என்பதைத் தமிழ்நாடு அதற்கு முன்பே பார்த்துவிட்டது. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டதாக அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் தொடர்ந்த வழக்கில், ஒவ்வொன்றுக்கும் 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்காடும் வசதி உள்ளவருக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது. அதுவும் தாமதமான வழி என்பதே இவற்றின் பாடம்.

ஆகவே திருத்தம் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். நல்ல கேள்வியாசிரியர் உரைப்பத்திக் கேள்வியை எழுதும்போதே, சரியான விடையைத் தாங்கும் வரி எது, மற்ற மூன்றும் எந்த இடத்தில் பிசகுகின்றன என்று முடிவு செய்திருப்பார். அந்தக் குறிப்பை உத்தேச விடைக்குறிப்போடு இரண்டு வரியில் வெளியிட்டால் போதும். நெய்த சேலையில் குறையென்று கூலியில் பிடித்தம் செய்பவர், சேலையை விரித்து எந்த இடத்தில் குறை என்று காட்டியாக வேண்டும். மதிப்பெண்ணில் பிடித்தம் செய்பவருக்கும் அதே கடமை உண்டு. காரணம் வெளியானால் ஆட்சேபமும் குறிப்பிட்ட வரியைப் பற்றியதாகக் கூர்மை பெறும். அத்தோடு, ஒவ்வொரு மாணவருக்கும் முதல் சில ஆட்சேபங்களையாவது கட்டணமின்றி அனுமதிக்க வேண்டும். ஏற்கப்பட்ட ஆட்சேபத்துக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணத்தைப் பொதுவில் போட வேண்டும். கியூட் தேர்வு கணினியில் நடப்பதால் இன்னொரு சோதனையும் எளிது. மொத்தத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் இரண்டு விடைகளுக்கு இடையே சரிபாதியாகப் பிரிந்திருந்தால், யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும் அந்தக் கேள்வி தானாகவே மறுபார்வைக்குப் போக வேண்டும். இரண்டும் பத்தியால் தாங்கப்படுபவை என்றால் இரண்டுக்கும் மதிப்பெண் தருவதே நியாயம். 2025 கியூட் இறுதி விடைக்குறிப்பில் 27 கேள்விகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட கேள்விக்கு விடை குறித்த எல்லோருக்கும் முழு மதிப்பெண் கிடைப்பதால், கவனமாகப் படித்தவருக்கும் கண்ணை மூடிக் குறித்தவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்புகளில் வலுவானது காலம் பற்றியது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் காரணம் சொல்லத் தொடங்கினால் வாதம் முடியவே முடியாது, சேர்க்கை தள்ளிப்போகும் என்பார்கள். 2024 நீட் தேர்வின் இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு இரண்டு விடைகளை முகமை ஏற்றுக்கொண்டது சர்ச்சையானபோது, உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடியிடம் மூன்று வல்லுநர்களின் கருத்தைக் கேட்டது. மறுநாளே பதில் வந்தது. ஒரு கேள்விக்கு ஒரு நாள் போதும் என்றால், மொழித்தாளின் ஐயத்துக்குரிய சில கேள்விகளுக்குச் சில நாட்கள் போதும். கிளாட் தேர்வில் மாதங்கள் போனது, காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததால். கட்டணம் இல்லாவிட்டால் வீண் ஆட்சேபங்கள் குவியும் என்பது அடுத்த வாதம். எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தாலே அது அடங்கிவிடும். பணத்தால் வடிகட்டினால் வீண் ஆட்சேபம் மட்டும் நிற்காது. ஏழையின் நியாயமான ஆட்சேபமும் நின்றுவிடும்.

கேள்விகளையும் காரணங்களையும் வெளியிட்டால் கேள்வி வங்கி காலியாகும், பயிற்சி மையங்களுக்கே லாபம் என்பது மூன்றாவது. 1979இல் நியூயார்க் மாநிலம் சேர்க்கைத் தேர்வுகளின் கேள்விகளையும் விடைகளையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியபோது, தேர்வு நிறுவனங்கள் இதையேதான் சொல்லி எதிர்த்தன. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கேள்விகள் வெளிப்படத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான், அதன் முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வின் வடிவியல் கேள்வி ஒன்றில் நிறுவனத்தின் விடை தவறு, தன் விடையே சரி என்று பள்ளி மாணவர் ஒருவர் நிறுவினார். ஏராளமானோரின் மதிப்பெண் திருத்தப்பட்டது. வல்லுநர் குழு பார்த்துத் தவறவிட்டதை வெளிச்சம் பிடித்துக் கொடுத்தது. பயிற்சி மையங்களைப் பொறுத்தவரை, தேர்வு நடந்த அன்றே அவை தம் சொந்த விடைக்குறிப்பையும் விளக்கத்தையும் வெளியிடுகின்றன. அதிகாரபூர்வக் காரணம் இல்லாததே அவற்றின் முதலீடு.

நுழைவுத் தேர்வே வேண்டாம் என்பதுதான் தமிழ்நாட்டின் நிலைப்பாடு, அதைச் சீர்செய்வானேன் என்றும் கேட்கலாம். கியூட் தேர்வைத் திரும்பப் பெறக் கோரி 2022 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது உண்மை. ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பிறகும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். எழுதும் வரை அது நியாயமாக நடக்க வேண்டும் என்று கேட்பது, வேண்டாம் என்ற கோரிக்கையைப் பலவீனப்படுத்தாது. மாநிலப் பாடத்திட்ட பிளஸ் டூ மாணவர் தன் விடைத்தாளின் நகலைப் பெறலாம், மறுமதிப்பீடு கோரலாம். திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவரின் உரிமை என்று 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்வு ‘அப்ஜெக்டிவ்’ முறைக்கு மாறியதும் அந்த உரிமை எண்களைப் பார்க்கும் உரிமையாகச் சுருங்கிவிட்டது. அதைக் காரணத்தைப் பார்க்கும் உரிமையாக விரிக்கப் புதிய சட்டம் தேவையில்லை. ஆண்டுதோறும் தேர்வுக்கு முன் வெளியிடும் தகவல் கையேட்டில், உரைப்பத்திக் கேள்விகளின் விடைக்குறிப்பு காரணத்தோடு வெளிவரும் என்ற ஒரு விதியைச் சேர்த்தால் போதும். அதை முகமையிடமும் கிளாட் நடத்தும் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பிடமும் கேட்டுப் பெறுவது, நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி கடந்து செய்யக்கூடிய வேலை. அடுத்த கையேடு அச்சேறும் முன்பே அதைச் செய்ய வேண்டும்.