நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

சென்ற இதழில் ரசப்பொடி பற்றி எழுதினேன். இந்த முறை அடுக்களையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். காரணம், ப்ளஸ் டூ படிக்கும் என் சின்ன மகள்.

எட்டு வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். ஒட்டடை அடித்தால், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால், நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அவசரத்துக்கு நீல நிறத்தில் ஒன்று. தினமும் இழுக்க ஸ்டீராய்டு ஒன்று. அந்த வார்த்தையைக் கேட்டதுமே என் மாமியாருக்கு உதறல். "சின்னப் பொண்ணுக்குப் போய் ஸ்டீராய்டா? உடம்பு ஊதிடும்டீ!"

பொய் சொல்வானேன், எனக்கும் அதே பயம்தான். அதை அலமாரியில் பூட்டிவிட்டு நீலத்தை மட்டும் கொடுத்தேன். இரண்டு தடவை இழுத்தால் மூச்சு சீராகிறதே, வேறென்ன வேண்டும்? "யார் கண்ணுலயும் படாம இழுத்துக்கோ. நாளைக்குக் கல்யாணம்னு வந்தா நாலு பேர் நாலு பேசுவாங்க" என்று உபதேசம் வேறு!

போன தை மாதம் ஒரு ராத்திரி, பத்துத் தடவை இழுத்தும் மூச்சு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

விடிந்ததும் டாக்டரம்மா கேட்டார்: "நீல இன்ஹேலர் மாசத்துக்கு எத்தனை தீருது?"

"ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்" என்றேன், ஏதோ சிக்கனமாக எண்ணெய் செலவழித்தவள் மாதிரி.

ஒன்றில் 200 தடவை இழுக்க மருந்து இருக்கிறது. வருஷத்துக்கு மூன்று தீர்ந்தாலே கடுமையான இரைப்பு வரும் அபாயம் கூடுமாம். பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து அதிகமாம். என் கணக்கு அதே பன்னிரண்டு!

கொசு கடித்தால் தோல் தடிக்கிறதல்லவா? ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்புறம் அப்படித்தான் எப்போதும் வீங்கிச் சளி கோத்துக் கிடக்கிறது. நீல மருந்து குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைத் தணிப்பது நான் பூட்டி வைத்த மருந்து.

டாக்டரம்மா நியூசிலாந்துக் கதை ஒன்றும் சொன்னார். அங்கே 1976-ல், குழாயை விரிக்கும் ஃபெனோடெரால் என்ற இன்ஹேலர் வந்தது. அதன்பின் ஆஸ்துமா சாவுகள் ஏறின. 1989-ல் வெலிங்டன் ஆராய்ச்சியாளர்கள் அந்த மருந்தைச் சுட்டிக்காட்ட, அதன் உபயோகம் குறைந்து சாவுகளும் சரிந்தன. நம் நீல மருந்து சால்புட்டமால் வேறுதான். ஆனால் அந்தக் குழுவில் இருந்த ரிச்சர்ட் பீஸ்லி விடவில்லை. லேசான ஆஸ்துமா உள்ள பெரியவர்களிடம், சால்புட்டமாலை மட்டும் இழுப்பதையும், விரிக்கும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த இன்ஹேலரை இழுப்பதையும் ஒப்பிட்டார். 2019-ல் முடிவு வந்தது. சேர்ந்த மருந்தில் இரைப்புத் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதி! அதே வருஷம் 'ஜீனா' என்ற உலக ஆஸ்துமா அமைப்பும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விரிக்கும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

ஸ்டீராய்டு பயமா? என் மகள் ஒரு நாளைக்கு இழுப்பது 200 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த மாத்திரையோ 40 மில்லிகிராம்! பயந்து ஒதுக்கியதைப் பல மடங்காக விழுங்க வைத்தவள் நான்தான்.

அதற்காக நீலத்தை நீங்களாகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாதம் எத்தனை தீர்கிறது என்று எண்ணி, டாக்டரிடம் சொல்லுங்கள். இழுக்கும் விதத்தையும் அவர் எதிரிலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் வாய்க்குள் வெள்ளை படியும். அந்தப் பொறுப்பை இப்போது என் மாமியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். "கொப்பளிச்சியாடீ?" என்று அவர் அதட்டுகிற அதட்டல் தெருமுனை வரை கேட்கிறது. நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது, தெரியட்டுமே!