சப்ரகமுவ தோட்டங்கள்: சம்பளத்துக்கு அப்பால் உள்ள நிலக் கேள்வி

பெருந்தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் சம்பளம் பேசப்படுகிறது. நிலம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் வறுமைக்கு வேர் நிலத்தில்தான் இருக்கிறது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவையாகக் கருதியது. தலைமுறைகளாகப் பயிர் செய்த கண்டியக் கிராமவாசியிடம் ஏது உறுதி? அந்நிலங்கள் ஏக்கர் 5 ஷில்லிங் என்ற விலைக்கும் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் ஊடாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். கடன் சுமையைத் தொழிலாளர் தலையில் கட்டிய 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

செல்வம் எங்கே போனது? களனிவெளி ரயில் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. இறப்பரும் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்றன. கலப்பதும் பொதி செய்வதும் பெயர் சூட்டி விற்பதும் பெரும்பாலும் பிரித்தானியாவில் நடந்தன. லண்டன் தேயிலை ஏலம் 1998 வரை நீடித்தது. கொழுந்து பறித்த கைக்குக் கூலி. கொழுந்துக்குப் பெயர் சூட்டியவருக்கு இலாபம். நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு இப்படித்தான் கட்டப்பட்டது.

இதன் கசப்பான விளைவைக் கேகாலை மாவட்டம் 1946இல் கண்டது. கிராம விஸ்தரிப்புக்காக அரசு நேவ்ஸ்மியர் தோட்டத்தைப் பெற்று, தொழிலாளரை வெளியேறச் சொன்னது. வேலைநிறுத்தம் வெடித்தது. நிலம் இழந்த கிராமவாசியும் நிலமே இல்லாத தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். நிலத்தைப் பறித்தவர் அந்தச் சண்டையில் காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் பிரஜாவுரிமைச் சட்டம் தொழிலாளரை நாடற்றவராக்கியது.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயன்களில் வாழ்வோருக்குக் காணி உறுதி மட்டும் வரவில்லை. 7 பேர்ச்சஸா, 10 பேர்ச்சஸா என்று விவாதிக்கிறோம்.

மாவனல்லை முதல் இரத்தினபுரி வரை இம்மக்களின் அயலவராக வாழும் நாம் இதை வேறொருவர் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. சிறுபான்மையினரை ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்தும் அரசியலின் வலி நமக்கும் தெரியும். கிராமத்துக்கும் காணி வேண்டும், தோட்டத்துக்கும் வேண்டும். ஒருவரிடம் பறித்து மற்றவருக்குக் கொடுப்பது 1840இன் தொடர்ச்சியே அன்றி நீதியாகாது.